ஒயின் பிரதேசத்தில் பீர் ஆலைகளும் வடிசாலைகளும்: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

#1 கொடிப்பந்தல்

வணக்கம். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு பகுதிக்குப் போகத் திட்டம். ஒயின் பக்கம் ஓரளவு பழக்கம் உண்டு. இந்த முறை அதே பகுதியில் இயங்கும் சிறு பீர் ஆலைகளையும் வடிசாலைகளையும் பார்க்கலாம் என்று யோசனை. ஒயின் பிரதேசம் என்பதால் அங்கே மட்டும் காணக் கிடைப்பது என்ன? எந்த மாதம் போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம்? சொந்தமாக வடிப்பவர் யார், வெளியே வாங்கிப் புட்டியில் அடைப்பவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 செம்புக்கொப்பரை

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. வட கோளத்தில் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. தென் கோளத்தில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. வடிசாலை எதை வடிக்கிறது என்பதைப் பொறுத்துப் போகவேண்டிய காலம் மாறும்.

சக்கை வடிக்கும் இடம் என்றால், அதாவது இத்தாலியின் கிராப்பா, பிரான்சின் மார் வகை, அறுவடைக் காலத்திலேயே போங்கள். பிழிந்த தோலும் விதையும் சேர்ந்த சக்கை, திராட்சை எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மிஞ்சும். அது காத்திருக்காது. காற்றுப் பட்டால் ஓரிரு நாளிலேயே காடி ஏறத் தொடங்கும். சிவப்பு ஒயின் சக்கை ஏற்கெனவே தோலோடு நொதித்தது, வந்த கையோடு கொப்பரையில் போடலாம். வெள்ளை ஒயின் சக்கையில் இன்னும் சர்க்கரைதான் இருக்கும். அதைக் காற்றுப் புகாமல் அமுக்கி மூடி, நொதிக்கவிட்டுத்தான் வடிக்க முடியும். ஆலைக்குள் நுழைந்ததும் சக்கைக் குவியல் பக்கம் போய் மோந்து பாருங்கள். புது ஒயின் வாசனை வந்தால் நல்ல ஆலை. காடி நெடியோ கெட்ட வெண்ணெய் நாற்றமோ வந்தால், எவ்வளவு அழகான புட்டியில் ஊற்றிக் கொடுத்தாலும் அந்த வாசனை உள்ளே இருக்கும்.

ஒயினையே வடிக்கும் இடம் என்றால் அறுவடை முடிந்து ஒயின் நொதித்த பிறகுதான் அடுப்பு எரியும். பிரான்சின் பிராந்திப் பகுதியான கொன்யாக்கில் அந்த ஆண்டு அறுவடை ஒயினை அடுத்த மார்ச் 31-க்குள் வடித்து முடிக்கவேண்டும் என்பது விதி. ஆகவே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் இரவு பகலாக ஓடுவதைப் பார்க்கலாம். ஜூலையில் போனால் துடைத்து வைத்த செம்பைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

பீர் ஆலைக்கு இந்தக் கணக்குக் கிடையாது. பீருக்கு வேண்டிய மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், ஆண்டு முழுக்கக் கிடைக்கும். ஆனால் திராட்சை சேர்த்த பீர் பார்க்கவேண்டுமென்றால் அதுவும் அறுவடையில்தான்.

#3 மால்ட்வாசம்

திராட்சை பீர் பத்தி நான் சொல்றேன். இதுதான் ஒயின் பிரதேசத்து பீர் ஆலைகள்ல உண்மையிலேயே தனியா நிக்கிற விஷயம்.

இத்தாலியில இதுக்கு ஒரு வகையே உருவாயிடுச்சு. இத்தாலியன் கிரேப் ஏல்னு பேர், பீர் நடுவர் அமைப்பான பிஜேசிபியோட 2015 வழிகாட்டியில இடம் பிடிச்சது. மொத்தச் சர்க்கரை மூலத்துல 40% வரைக்கும் திராட்சைச் சாறு இருக்கலாம். சார்தீனியாவுல பார்லிங்கிற ஆலை, கன்னொனாவ் திராட்சைச் சாறைக் காய்ச்சிக் குறுக்கின பாகைச் சேர்த்து பிபி10ன்னு ஒரு கருப்பு பீர் பண்றாங்க. பிரஸ்ஸல்ஸ்ல காந்திய்யோன் ஆலை ரொம்ப காலமா லாம்பிக்ல, அதாவது காட்டு ஈஸ்ட்ல தானா நொதிக்கிற புளிப்பு பீர்ல, திராட்சையை ஊறவைக்குது: சேன் லாம்வீனுஸ்ல மெர்லோ மாதிரி சிவப்பு, விஞ்ஞெரோன்ல வெள்ளை.

ஆலையில நீங்க கேக்கவேண்டிய முதல் கேள்வி: "சாறை எப்ப சேர்க்கறீங்க?" பதில்லயே ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும்.

காரணம் ஈஸ்ட். ஒயின் ஈஸ்ட்ல பல வகை 'கொல்லி' இனம். இசி-1118, கே1-வி1116 ரெண்டும் அப்படித்தான். அது விடுற நச்சுப் புரதம் பக்கத்துல இருக்கிற பீர் ஈஸ்டைக் கொன்னுடும். ஆனா ஒயின் ஈஸ்டுக்கு மால்ட்ல இருக்கிற மால்ட்டோட்ரையோஸ் சர்க்கரையைச் சாப்பிடத் தெரியாது. அதனால ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா பீர் ஈஸ்ட் செத்துப்போய், மால்ட் சர்க்கரை பாதியில நின்னுடும். இனிப்பா, கனமா, திராட்சைப் புளிப்போட ஒட்டாம இருக்கும். அதுக்குள்ள அப்புறம் பிரெட்டனோமைசஸோ டயஸ்டாடிகஸ் வகை ஈஸ்டோ புகுந்தா, நின்னுபோன சர்க்கரையைப் புட்டிக்குள்ள தின்னு முடிக்கும். வெடிக்கும்.

சரியான முறை: பீர் ஈஸ்ட் போட்டு முக்கால்வாசி நொதிக்க விடணும், பிறகு சாறையோ மசிச்ச திராட்சையையோ சேர்க்கணும். திராட்சைத் தோல்லயே காட்டு ஈஸ்ட் இருக்கும், அதை ஏத்துக்கப் போறோமா இல்ல சல்ஃபைட் போட்டோ சூடாக்கியோ அடக்கப் போறோமான்னு முன்னாடியே முடிவு பண்ணணும். தோலோட ஊறவைச்சா நிறமும் துவர்ப்பும் வரும். ரொம்ப நாள் விட்டா விதையிலிருந்து கசப்புத் துவர்ப்பு ஏறி, பீர்ல சேர்க்கிற ஹாப்ஸ் பூவோட கசப்போட மோதும். அதனால இந்த மாதிரி பீர்ல ஹாப்ஸை அடக்கி வாசிப்பாங்க. கசப்பும் துவர்ப்பும் சேர்ந்து நாக்கை இழுக்குற ஒரு திராட்சை ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை) கிடைச்சா, அது பரிசோதனை இல்ல, கவனக்குறைவு.

#4 கொடிப்பந்தல்

நன்றி மால்ட்வாசம். சாறு சேர்த்தால் ஆல்கஹால் எவ்வளவு ஏறும்? பலகையில் 9% என்றெல்லாம் எழுதியிருப்பதைப் படங்களில் பார்த்தேன்.

#5 மால்ட்வாசம்

கணக்கு எளிசு. 22 பிரிக்ஸ் சாறு, அதாவது 100 கிராம்ல 22 கிராம் சர்க்கரை இருக்கிற சாறு, முழுசா நொதிச்சா ஏறக்குறைய 12.5% ஆல்கஹால் தரும். 5% வரவேண்டிய பீர் 100 லிட்டர்ல அந்தச் சாறு 25 லிட்டர் ஊத்தினா: 5 லிட்டர் ஆல்கஹாலும் 3.1 லிட்டரும் சேர்ந்து 8.1 லிட்டர், மொத்தம் 125 லிட்டர்ல. அதாவது 6.5%. ஒன்பதுன்னா அடிப்படை பீரே பலமானதா இருக்கும், இல்ல குறுக்கின பாகு சேர்த்திருப்பாங்க.

திராட்சைச் சர்க்கரை மிச்சமில்லாம நொதிச்சுடும், அதனால பீரோட கனம் குறைஞ்சு மெலிசாகும். 6.5% பீர் 4% மாதிரி வாய்க்குள்ள போகும். வண்டி ஓட்டறவங்க இதை மனசுல வெச்சுக்கங்க.

வீட்டுல பண்ணிப் பாக்கறவங்களுக்கு ஒண்ணு: நொதிக்க ஆரம்பிச்ச பிறகு, ஒளியை வெச்சுச் சர்க்கரை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் காட்டுற எண்ணை அப்படியே நம்பாதீங்க, ஆல்கஹால் கலந்ததும் தப்பாக் காட்டும். அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டர்ல சில நாள் இடைவெளியில ஒரே அளவு வந்தா மட்டும் புட்டியில அடைங்க.

#6 ஓக்பலகை

பீப்பாயை விட்டுவிட்டீர்களே. சாறு அறுவடையில் மட்டும்தான். பீப்பாய் ஆண்டு முழுவதும் பக்கத்து ஒயின் ஆலையிலிருந்து ஈரம் காயாமல் வரும். வேறு ஊர்களில் இருக்கும் பீர் ஆலைகளுக்குக் கிடைக்காத வசதி அதுதான்.

கலிஃபோர்னியாவின் சோனோமாவில் இருக்கும் ரஷ்யன் ரிவர் பீர் ஆலை இதற்கு நல்ல உதாரணம். 1997-இல் அதைத் தொடங்கியதே கோர்பெல் என்ற குமிழி ஒயின் நிறுவனம். பிறகு அங்கே பீர் காய்ச்சிவந்த வின்னி சிலூர்ஸோ அதை வாங்கிக்கொண்டார். அவர்களுடைய புளிப்பு பீர்களில் டெம்ப்டேஷன் ஷார்டொனே ஒயின் பீப்பாயில், சப்ளிகேஷன் பினோ நுவார் பீப்பாயில், கான்சிக்ரேஷன் காபர்னே சோவினியோன் பீப்பாயில் ஊறுகின்றன. மூன்றையும் வரிசையாகச் சுவைத்தால் மரம் எங்கே பேசுகிறது, ஒயின் எங்கே பேசுகிறது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

பீப்பாய் அறையில் பார்க்கவேண்டியவை:

அளவு. போர்தோ பீப்பாய் 225 லிட்டர், பர்கண்டி 228, அமெரிக்க போர்பன் சுமார் 200. ஒயின் பீப்பாயின் உட்புறத்தை இளந்தீயில் வாட்டியிருப்பார்கள், போர்பன் பீப்பாயைக் கரியாகவே எரித்திருப்பார்கள். முன்னதில் வனிலாவும் மசாலாவும் மெலிதாக இருக்கும். மூன்று நான்கு அறுவடை பார்த்த ஒயின் பீப்பாயில் மர வாசனை ஏறக்குறைய தீர்ந்திருக்கும். பீர்காரர்கள் அதைத்தான் தேடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது மரத்தின் துளைகளில் குடியிருக்கும் நுண்ணுயிரும் மெல்லக் கசியும் காற்றும்.

ஆணி. பீப்பாயின் முகப்பலகையில் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துருப்பிடிக்காத ஆணித் தலை தெரியும். சுமார் 3 மி.மீ. துளையிட்டு அதில் ஆணியை அடைத்திருப்பார்கள். சிலூர்ஸோ பரப்பிய வழி இது, அதனால் 'வின்னி ஆணி' என்றே சொல்வார்கள். இடுக்கியால் ஆணியை இழுத்ததும் நூல்போல ஒரு தாரை வளைந்து கோப்பைக்குள் விழும். நாலு விரற்கடை நிறைந்ததும் ஆணி திரும்ப உள்ளே போய்விடும். மேல் அடைப்பைத் திறந்து குழாய் விட்டு எடுத்தால், பீரின்மேல் படர்ந்திருக்கும் வெள்ளை ஏடு உடைந்து காற்றுப் புகும். பிறகு காடி பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். விருந்தாளி வரும்போதெல்லாம் மேல் அடைப்பைத் திறக்கும் ஆலையில் புளிப்பு பீர் வாங்கத் தயங்குவேன்.

காலிப் பீப்பாய். மோந்து பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். புது ஒயின் வாசனை சரி. தீக்குச்சி நெடி என்றால் கந்தகம் எரித்து வைத்திருக்கிறார்கள், வெந்நீர் விட்டுக் கழுவினால் போகும். நகப்பூச்சு அழிப்பான் நெடி என்றால் அந்தப் பீப்பாய் பூத்தொட்டியாகத்தான் போகவேண்டும். எத்தைல் அசிடேட்டும் காடியும் பலகைக்குள் இறங்கிவிட்டால் வெந்நீரோ நீராவியோ எட்டாது.

#7 புதுவடி

வடிசாலை பத்தி ஒரு விஷயம். முதல்ல வர்ற முன் வடியைக் கொட்டிடறதால மெத்தனால் போயிடும்னு எல்லா சுற்றுலாவுலயும் சொல்றாங்க. மெத்தனால் 64.7 டிகிரியில கொதிக்கும், எத்தனால் 78-ல. சக்கை வடிக்கும்போது மெத்தனால் அதிகம்னு வேற சொல்றாங்க. அப்ப முன் வடியை நிறைய வெட்டினா பாதுகாப்புதானே?

#8 செம்புக்கொப்பரை

தம்பி, அந்தக் கதையை வழிகாட்டிகள் விடவே மாட்டேன் என்கிறார்கள். கொதிநிலையை மட்டும் பார்த்தால் சரிபோலத் தோன்றும். ஆனால் கொப்பரையில் இருப்பது தண்ணீர் மிகுந்த கலவை. மெத்தனால் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது, அதனால் முன் வடி, நடு வடி, பின் வடி மூன்றிலும் பரவி வரும். சாதாரணக் கொப்பரையில் முன் வடியை எவ்வளவு வெட்டினாலும் மெத்தனால் பெரிதாகக் குறையாது.

மெத்தனால் பிறப்பது தோலில் இருக்கும் பெக்டினிலிருந்து. சக்கையில் தோல் அதிகம், அதனால் மெத்தனாலும் அதிகம். ஐரோப்பிய ஒன்றிய விதியில் சக்கை வடிக்கு 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1000 கிராம் வரை அனுமதி, ஒயின் வடிக்கு 200 கிராம்தான். 40% புட்டியில் ஆயிரம் கிராம் என்பது லிட்டருக்கு 4 கிராம். அளவோடு குடிக்கும்போது இது ஆபத்தான அளவு அல்ல. கட்டுப்படுத்தும் வழி: சக்கையைப் புதிதாக எடுப்பது, சீக்கிரம் வடிப்பது, பெரிய ஆலைகளில் மெத்தனால் பிரிக்கத் தூண் வடிவத் தனி வடிகலம். ஆய்வக அறிக்கை கேட்டால் நல்ல ஆலை காட்டும்.

முன் வடியை வெட்டுவது அசிட்டால்டிஹைடையும் எத்தைல் அசிடேட்டையும் நீக்க. பச்சை ஆப்பிள், நகப்பூச்சு அழிப்பான் நெடி அவைதான். பின் வடியில் ஃபியூசல் எண்ணெயும் (கனமான ஆல்கஹால்கள்) கொழுப்பு அமிலங்களும் வரும்: நனைந்த அட்டை, ஈர நாய். கொன்யாக் கொப்பரையில் ஒயினை இருமுறை வடிப்பார்கள். முதல் வடிப்பில் 28 முதல் 32% வரும் கலங்கல் நீர். அதைத் திரும்ப ஊற்றி, அதிகபட்சம் 25 ஹெக்டோலிட்டர் (2500 லிட்டர்), பன்னிரண்டு மணி நேரம்போல இரண்டாம் வடிப்பு. முன் வடி மொத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான். குழாயில் வருவது 60% அருகே இறங்கும்போது நடு வடியை நிறுத்துவார்கள்.

வெட்டும் நேரத்தில் அங்கே இருக்க முடிந்தால் இரு துளி உள்ளங்கையில் வாங்கித் தேய்த்து, ஆல்கஹால் பறக்கும்வரை காத்திருந்து மோந்து பாருங்கள். கையில் மிஞ்சுவது பழமா பூவா அட்டையா என்பது அப்பட்டமாகத் தெரியும். வெட்டும் நேரம் முன்னே பின்னே ஆகும், அதனால் காலையில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இன்னொன்று. வீட்டில் வடிப்பது மிகப் பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம், இதை வைத்து யாரும் கொப்பரை வாங்கிவிடாதீர்கள்.

#9 கொடிப்பந்தல்

அருமை. ஒயினில் கந்தகம் சேர்ப்பார்களே, அதை வடித்தால்?

#10 செம்புக்கொப்பரை

அதனால்தான் வடிக்கப்போகும் ஒயினில் சேர்க்கமாட்டார்கள். சல்ஃபர் டையாக்சைடு ஆவியோடு வந்து மூக்கைக் குத்தும், செம்பையும் அரிக்கும். கந்தகப் பாதுகாப்பு இல்லாமல் ஒயின் கெடாதிருக்கப் புளிப்பு அதிகமாக இருக்கவேண்டும். ஆல்கஹால் குறைவாக, 8 முதல் 10% வரை, இருந்தால் வடிக்கும்போது வாசனை நன்றாகச் செறியும். உய்னி பிளாங்க் திராட்சையைக் கொன்யாக்கில் நட்டிருப்பதன் காரணம் இதுவே. குடிக்க நன்றாக இருக்கும் 14% ஒயினை வடித்தால் பிராந்தி சிறக்கும் என்று நினைப்பது தவறு. விற்காத நல்ல ஒயினை வடிக்கிறோம் என்று ஒரு ஆலை பெருமையாகச் சொன்னால், கந்தகத்தை எப்படி நீக்கினீர்கள் என்று கேளுங்கள்.

செம்பும் அலங்காரத்துக்கு அல்ல. நொதித்தலில் உண்டான கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்ளும். அதனால் உட்புறத்தை அடிக்கடி தேய்த்துக் கழுவவேண்டும்.

ஒப்பிட்டுச் சுவைக்க வேறு வழிகளும் உண்டு. பிரான்சின் இன்னொரு பிராந்திப் பகுதியான அர்மன்யாக்கில் பெரும்பாலும் ஒரே தடவை, தொடர்ந்து ஓடும் தூண் வடிகலத்தில், 52 முதல் 60% வரை. பெருவின் திராட்சை வடியான பிஸ்கோ ஒருமுறை மட்டும் வடித்தது, தண்ணீர் சேர்க்கக் கூடாது, மரம் தொடக் கூடாது, குறைந்தது மூன்று மாதம் வாசனை தராத பாத்திரத்தில் ஓய்வு. திராட்சை வாசனையை நேரடியாகக் கேட்கவேண்டுமென்றால் பிஸ்கோதான், என்னைக் கேட்டால்.

#11 கணக்குப்பிள்ளை

முதல் பதிவில் கேட்ட மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. சொந்தமாக வடிப்பவரைக் கண்டுபிடிக்க மூன்று சோதனை.

ஒன்று, நொதித்தொட்டி எங்கே என்று கேளுங்கள். கொப்பரை பளபளவென்று முன் அறையில் இருக்கும், தொட்டியே இருக்காது. அப்படியானால் ஒயினையோ ஆல்கஹாலையோ வாங்குகிறார்கள். ஜின்னுக்கு வாசனையற்ற நடுநிலை ஆல்கஹாலை வாங்கி மூலிகையோடு மறுவடிப்பு செய்வது உலகம் முழுவதும் வழக்கம், குற்றமில்லை. உள்ளூர்த் திராட்சை என்று சொல்லி விற்றால்தான் கேள்வி.

இரண்டு, பெருக்கிப் பாருங்கள். 500 லிட்டர் கொப்பரையில் 10% ஒயின் 450 லிட்டர் போட்டால் 45 லிட்டர் தூய ஆல்கஹால். வெட்டுக்கும் இழப்புக்கும் கால் பங்கு போனால் 34 லிட்டர். 40%-க்கு இறக்கினால் 85 லிட்டர், 700 மி.லி. புட்டி ஏறக்குறைய 120. கொப்பரையை வாரம் எத்தனை முறை நிரப்புகிறார்கள் என்று கேட்டால் ஆண்டு உற்பத்தி தெரிந்துவிடும். அலமாரியில் இருப்பது அதற்குப் பல மடங்கு என்றால் மிச்சம் எங்கிருந்து?

மூன்று, லேபிள். அமெரிக்காவில் 'டிஸ்டில்டு பை' என்பதை வடித்தவர்தான் போடலாம். 'பாட்டில்டு பை' என்றால் அடைத்தவர். அங்கே ஓக்கில் இரண்டு ஆண்டு ஊறாத திராட்சை பிராந்தியில் 'இம்மெச்சூர்' என்று எழுதியாக வேண்டும், கிராப்பா வகைக்கு விலக்கு. கொன்யாக் லேபிளில் இருக்கும் வயதுக் குறிகளில் விஎஸ் இரண்டு ஆண்டு, விஎஸ்ஓபி நான்கு, எக்ஸ்ஓ 2018-லிருந்து பத்து. எல்லாமே கலவையில் இளையதன் வயது.

#12 மால்ட்வாசம்

ஒரு நாளைக்கு எத்தனை இடம்னு யாரும் சொல்லலையே. ரெண்டு. காலையில பீர் ஆலை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வடிசாலை. மூணாவது போனா நாக்கு வேலை செய்யாது.

கிராமுக்கு மாத்திப் பாருங்க: மி.லி. பெருக்கல் சதவீதம் பெருக்கல் 0.789. பீர் தட்டுல 150 மி.லி. வீதம் நாலு, 6%-ன்னா 28 கிராம். வடிசாலையில 15 மி.லி. அஞ்சு, 40%-ன்னா 24 கிராம். மொத்தம் 52. உடம்பு மணிக்கு 7லிருந்து 10 கிராம் வரைக்கும்தான் கழிக்கும், அதனால அன்னைக்கு ராத்திரி வரைக்கும் சாவி உங்க கையில இருக்கக் கூடாது. துப்பற பாத்திரம் கேளுங்க. ஒயின் பிரதேசத்துல அதை யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

வரிசை: வெளிறினதுலிருந்து கருப்புக்கு, கசப்பு கம்மியிலிருந்து அதிகத்துக்கு, புளிப்பு கடைசியில.

#13 ஓக்பலகை

புளிப்பு கடைசியில் என்பதை ஏற்கமுடியவில்லை. இரட்டை ஐபிஏ குடித்த நாக்கில் ஷார்டொனே பீப்பாய் பீர் தட்டையாகத்தான் தெரியும். புளிப்பு நாக்கைத் துடைக்கும், கசப்பு தங்கும். என் கருத்தில் புளிப்பு ஐபிஏவுக்கு முன்.

#14 மால்ட்வாசம்

ஐபிஏ இருந்தா நீங்க சொல்றது சரி, அண்ணே. கனமான ஸ்டவுட், அதாவது கருப்பு பீர், மட்டும்னா என் வரிசை. ஐபிஏவும் புளிப்பும் ரெண்டும் முக்கியம்னா வேற வேற நாள் வெச்சுக்கலாம்.

#15 செம்புக்கொப்பரை

வடியில் மூக்கைக் கோப்பைக்குள் விடாதீர்கள். வாயைச் சற்றுத் திறந்தபடி, விளிம்பிலிருந்து விலக்கி மோந்து பாருங்கள். பிறகு தண்ணீர் சொட்டுச் சொட்டாக. தண்ணீர் விட்டதும் கலங்கினால் பயப்படவேண்டாம்: 46%-க்குக் கீழே கொழுப்பு அமில எஸ்டர்கள் கரையாமல் மங்கலாகும், குளிரவைத்து வடிகட்டாத வடி என்று அர்த்தம். இளநீலமோ பச்சையோ தெரிந்தால் அது செம்பு, அதைக் குடிக்காமல் வைத்துவிடுங்கள்.

பாதுகாப்பு. நொதிக்கும் சாறு ஒரு லிட்டரிலிருந்து 50 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு வரும், காற்றைவிட கனம், தரையிலும் பள்ளத்திலும் தங்கும். நிலவறையில் விசிறி ஓடாவிட்டால் உள்ளே போகாதீர்கள். தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. 40% வடி 26 டிகிரி அருகிலேயே தீப்பிடிக்கும் ஆவி விடும். கொப்பரை அறையில் கைபேசியை அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுங்கள், வாதாடவேண்டாம்.

#16 கொடிப்பந்தல்

எல்லோருக்கும் நன்றி. வாங்கியதை விமானத்தில் கொண்டுவருவது எப்படி?

#17 கணக்குப்பிள்ளை

சரக்குப் பெட்டியில் மட்டும். 24%-க்கு மேல் 70% வரை ஒருவருக்கு 5 லிட்டர், கடையில் அடைத்த மூடியோடு. 70%-க்கு மேல் அனுமதி இல்லை, எனவே தண்ணீர் கலக்காமல் பீப்பாய் பலத்தில் அடைத்ததை வாங்கும்போது ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 24% வரை விமானப் பாதுகாப்பு விதியில் வரம்பு இல்லை. இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு தனி.

குழாயிலிருந்து நிரப்பும் 1.9 லிட்டர் குடுவையை விமானத்துக்கு வாங்காதீர்கள். கழுத்தில் இடம் விடாமல் நிரப்பி வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்தால் கண்ணாடி வெடிக்கும். திறந்தபின் ஒரு நாளில் குடித்துவிடவேண்டும். ஹாப்ஸ் வாசனைக்காக வாங்கும் பீரை அங்கேயே முடியுங்கள், பீப்பாயில் ஊறிய புளிப்பு பீர்தான் பயணம் தாங்கும். அதை வீட்டுக்கு வந்ததும் நிமிர்த்தி வைத்து, அடி வண்டல் இறங்கச் சில நாள் விட்டுத் திறங்கள்.